ஈஸ்டர் எழுச்சி, குலோடன், பாய்ன்: அயர்லாந்திலிருந்து நினைவு நாள்களுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு

டப்ளினுக்கு வந்த முதல் வருடம், ஏப்ரல் 24ஆம் தேதி, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓ'கொனல் தெருவில் இருக்கும் ஜிபிஓ, அதாவது பெரிய தபால் நிலையத்தின் வாசலில் போய் நின்றேன். 1916இல் அதே தேதியில்தான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி தொடங்கியது, அந்த வாசலில்தான் எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். அதனால் அன்றைக்கு அங்கே ராணுவம், கொடி, பேண்டு என்று ஏதாவது இருக்கும் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். புறாக்கள் இருந்தன. தூண்களில் இருக்கும் குண்டு துளைத்த தடங்களைப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். உள்ளே போய் கவுன்டரில் ஊருக்கு அனுப்ப ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டே விழா எத்தனை மணிக்கு என்று கேட்டால், அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அது போன மாதமே முடிந்துவிட்டதே."

அடுத்த வருடம் ஸ்காட்லாந்தின் குலோடன் போர்க்களத்துக்குப் போகப் பணம் கட்டி, விசா வராமல் டிக்கெட் பணம் போனது. மூன்றாவது வருடம்தான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தேன், அதிலும் தப்பான ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நீங்களும் அதே மூன்று வருடத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டும் அயர்லாந்தின் ஐஆர்பி அட்டையும் (வசிப்பு அனுமதி அட்டை) வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டவர்கள் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பகுதிகளைத் தாண்டிப் போகலாம், கொடுத்துவைத்தவர்கள்.

1. முதலில் எந்தத் தேதி என்று உறுதி செய்யுங்கள்

வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் தேதியும் நிகழ்ச்சி நடக்கும் தேதியும் ஒன்று இல்லை. இங்கே பெரும்பாலான நினைவு நாள்கள் மூன்று விதமாக இடம் மாறுகின்றன.

ஒன்று, பண்டிகையோடு சேர்ந்து நகர்பவை. ஈஸ்டர் எழுச்சி தொடங்கியது ஈஸ்டர் திங்கள்கிழமை, ஆனால் அரசு விழா நடப்பது ஈஸ்டர் ஞாயிறு. ஈஸ்டரோ மார்ச் கடைசியிலும் வரும், ஏப்ரல் கடைசியிலும் வரும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. 24ஆம் தேதியை நம்பிப் போனால் என் கதிதான்.

இரண்டு, பக்கத்து வார இறுதிக்குத் தள்ளப்படுபவை. குலோடன் போர் நடந்தது 1746 ஏப்ரல் 16, நினைவு நிகழ்ச்சி அதற்கு மிக அருகில் வரும் சனிக்கிழமை. 2027இல் அது ஏப்ரல் 17, 2028இல் ஏப்ரல் 15. (2028இல் மறுநாளே ஈஸ்டர் ஞாயிறு. சனிக்கிழமை குலோடனுக்குப் பக்கத்து ஊரான இன்வர்னெஸ், ஞாயிறு நண்பகல் டப்ளின் என்று யாராவது திட்டம் போட்டால் எனக்கும் சொல்லுங்கள், பைத்தியக்காரத்தனத்துக்குத் துணை வேண்டும்.) ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் 1922 ஆகஸ்ட் 22இல் சுட்டுக்கொல்லப்பட்ட கார்க் மாவட்டத்தின் பேல் நா ப்ளாவில் அந்தத் தேதிக்கு அருகிலுள்ள ஞாயிறு. 1840களின் பெரும் பஞ்சத்துக்கான தேசிய நினைவு நாள் மே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, அதுவும் வருடத்துக்கு ஓர் ஊரில் நடக்கும், ஊர் பெயர் வரும்வரை எதையும் பதிவு செய்யாதீர்கள்.

மூன்று, பழைய நாட்காட்டிக் குழப்பம். பிரிட்டனும் அயர்லாந்தும் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் கத்தோலிக்க ஜேம்ஸை வென்ற பாய்ன் ஆற்றுப் போர் அந்தக் கணக்கில் 1690 ஜூலை 1, இன்றைய கணக்கில் ஜூலை 11, ஆனால் அதைக் கொண்டாடும் ஊர்வலங்கள் போவது ஜூலை 12. ஏன் என்று ஆராயப் போனால் நாள் போய்விடும், 12 என்று குறித்துக்கொண்டு நகருங்கள். அதுவும் ஞாயிறாக வந்தால் ஊர்வலம் திங்களுக்குப் போய்விடும்.

சரி, தேதியை எங்கே உறுதி செய்வது? அரசு விழா என்றால் ஐரிஷ் அரசின் தளத்தில் சில வாரங்களுக்கு முன் அறிவிப்பு வரும். குலோடன் என்றால் இன்வர்னெஸ் கேலிக் சங்கத்தின் அறிவிப்பைப் பாருங்கள், நிகழ்ச்சியை நடத்துவது அவர்கள்தான். சுற்றுலாத் தளங்களில் போன வருடத் தேதி அப்படியே கிடக்கும், அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

2. அந்த இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு பஸ்ஸில் இரண்டு இரண்டேகால் மணி நேரம். எல்லையில் கேட் இல்லை, முத்திரை குத்த ஆள் இல்லை, தூரப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் ஒரே அடையாளம். எடின்பரோவுக்கு விமானத்தில் போனாலும் அங்கே இறங்கும்போது வழக்கமான குடிவரவு வரிசை இருக்காது. இதை வைத்துத்தான் "யாரும் கேட்க மாட்டார்கள், போய்ட்டு வா" என்று அறைத்தோழர்கள் உசுப்பிவிடுவார்கள்.

எல்லையில் ஆள் இல்லை என்பதற்காக விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. வட அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஐக்கிய ராஜ்ஜியம். உங்கள் ஐஆர்பி அட்டை அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும்தான் செல்லும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா தனியாக வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஐரிஷ் போலீஸ் ஏறி அட்டை கேட்பது உண்டு. விமான நிலையத்தில் ஏறும் முன்பே விமான நிறுவனம் கேட்கும். விசா இல்லாமல் நுழைந்தது பதிவாகிவிட்டால், பிற்பாடு எந்த விசா விண்ணப்பத்திலும் அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் ஊர்வலம் பார்க்க அந்த விலை அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊரிலிருந்து உங்கள் அப்பா அம்மா அயர்லாந்து விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள், அந்த விசா ஸ்டிக்கரில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்று அச்சடித்திருக்கிறது என்றால், முதலில் அயர்லாந்தில் இறங்கிவிட்ட பிறகு அவர்கள் அதே விசாவில் பிரிட்டனுக்கும் போகலாம். அந்தத் திட்டம் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும், அதுவும் குறுகிய கால விசாவுக்கு மட்டும். வருடக் கணக்காக இங்கே வரி கட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது கிடையாது. அப்பாவும் அம்மாவும் வட அயர்லாந்தின் டெர்ரியில் சுற்றிவிட்டு வரும்வரை நீங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் லெட்டர்கெனியில் உட்கார்ந்திருக்கலாம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதியே இல்லை.

ஆக, பிரிட்டன் விசா இல்லாமல் போகக்கூடியவை: டப்ளின் ஈஸ்டர் விழா, பேல் நா ப்ளா, பஞ்ச நினைவு நாள், பாய்ன் போர்க்களம். விசா இருந்தால்தான் போகக்கூடியவை: குலோடன், பெல்ஃபாஸ்ட் ஜூலை 12, 1972 ஜனவரி 30 துப்பாக்கிச்சூட்டுக்காக டெர்ரியில் நடக்கும் நினைவு ஊர்வலம்.

3. ஆவணங்கள்

பிரிட்டனின் ஆறு மாத விசிட்டர் விசாவுக்கு நான் கொடுத்தவை: பாஸ்போர்ட், ஐஆர்பி அட்டையின் இரண்டு பக்க நகல், ஆபீஸ் கடிதம், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், தங்கும் இடத்தின் பதிவு, ஒரு பக்கத்தில் பயணத் திட்டம்.

ஆபீஸ் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்: எந்தத் தேதியிலிருந்து வேலை பார்க்கிறீர்கள், எவ்வளவு சம்பளம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை லீவு கொடுத்திருக்கிறோம், அவர் திரும்பி வந்து வேலையில் சேருவார். என் எச்ஆர் முதலில் கொடுத்தது "இவர் எங்கள் ஊழியர்" என்ற ஒற்றை வரி, அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்க ஒன்பது நாள் ஆனது. மாணவர்கள் என்றால் கல்லூரிக் கடிதம், பெற்றோர் பணம் அனுப்புகிறார்கள் என்றால் அவர்களுடைய கணக்கு விவரமும் கடிதமும்.

பேங்க் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் விளக்குங்கள். சீட்டு எடுத்த பணமாகவே இருக்கட்டும், எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நண்பரிடம் ஆயிரம் யூரோ வாங்கிப் போட்டுக் காட்டும் பழக்கம்தான் நிராகரிப்பை வரவழைக்கிறது.

பயணத் திட்டத்தில் என்ன எழுதுவது என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். "குலோடன் போரின் நினைவு நிகழ்ச்சிக்குப் போகிறேன்" என்றே எழுதினேன். இதற்கு அழைப்பிதழ் எதுவும் கிடையாது, நிகழ்ச்சி அறிவிப்பின் ஒரு அச்சுப்பிரதியை வைத்தேன், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் போதும், "சுற்றுலா, ஷாப்பிங்" என்று அலங்கரிக்க வேண்டியதில்லை.

ஐஆர்பி அட்டை முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு அப்புறம் சில மாதமாவது அதில் மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்க 300 யூரோவும் பல வாரமும் ஆகும், அந்த நேரத்தில் விசாவும் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

4. எப்போது விண்ணப்பிப்பது, எவ்வளவு ஆகும்

பிரிட்டன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். குலோடன் ஏப்ரல் நடுவில் என்றால் ஜனவரி நடுவில் ஆரம்பியுங்கள். ஆன்லைன் படிவம், கட்டணம், பிறகு டப்ளின் விசா மையத்தில் கைரேகைக்கு அப்பாயின்ட்மென்ட். முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம் என்கிறார்கள், அந்த மூன்று வாரம் கைரேகை கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும், படிவம் அனுப்பிய நாளிலிருந்து இல்லை. நான் ஏமாந்தது இதில்தான். மார்ச் முதல் வாரம் படிவத்தை அனுப்பினேன், அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது மார்ச் 20க்கு மேல், விசா வந்தபோது குலோடன் நிகழ்ச்சி முடிந்து ஐந்து நாள். அதற்குள் திருப்பித் தராத ரயில் டிக்கெட்டும் விடுதியும் போட்டுவிட்டேன். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய பதிவு மட்டும் போடுங்கள், ரயில், விமானம் வேண்டாம். விண்ணப்பத்துக்கு டிக்கெட் கட்டாயம் இல்லை.

கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக ஏறியது, அடிக்கடி ஏற்றுகிறார்கள், கட்டும் முன் பாருங்கள். விசா மையத்தில் "குறுஞ்செய்தி வேண்டுமா, கூரியர் வேண்டுமா, சிறப்பு இருக்கை வேண்டுமா" என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரும், எதுவும் கட்டாயம் இல்லை. நகல்களை நீங்களே முன்கூட்டி ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் அங்கே அதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது வருடம் குலோடனுக்கு எனக்கு ஆனது, ஏறத்தாழ: விசாவுக்கு 150 யூரோ, டப்ளின் எடின்பரோ போக வர விமானம் 70, எடின்பரோ இன்வர்னெஸ் ரயில் போக வர 70, பொது அறை விடுதியில் இரண்டு இரவு 80, சாப்பாடு, பஸ், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து 80. ஆக 450 யூரோ. ஒரு போரின் நினைவு நாளுக்கு இவ்வளவா என்று என் தம்பி கேட்டான். அதே விசாவில் ஜூலை 12க்கு பெல்ஃபாஸ்ட்டும் போகலாம் என்று கணக்குப் போட்டால் பரவாயில்லை, ஆறு மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.

5. டப்ளின் ஈஸ்டர் ஞாயிறு

இதற்கு விசாவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். நண்பகல் பன்னிரண்டுக்கு ஜிபிஓ கூரையில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கும். ஒரு ராணுவ அதிகாரி வாசலுக்கு முன் நின்று பிரகடனத்தை முழுவதும் வாசிப்பார், ஜனாதிபதி மலர்வளையம் வைப்பார், ஒரு நிமிட மௌனம், கொடி மறுபடி ஏறும், தேசிய கீதம், மேலே விமானப்படை விமானங்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் பன்னிரண்டே காலுக்கு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், முக்கியமானதெல்லாம் முதலிலேயே போய்விடும். பதினொன்றுக்கு முன்னால் தடுப்பருகே இடம் பிடியுங்கள்.

ஓ'கொனல் தெருவில் போக்குவரத்தை மூடிவிடுவார்கள், அந்தத் தெரு வழியாகப் போகும் லூவாஸ் டிராமும் பஸ்களும் மாற்றுப்பாதையிலோ பாதியிலோ நிற்கும், அதோடு ஞாயிறு அட்டவணை வேறு. ஆற்றின் தென்கரையில் இறங்கி நடந்து பாலத்தைக் கடப்பதுதான் வேகம். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்கள் பின்வரிசையில் நில்லுங்கள், மௌன நிமிடத்தில் குழந்தை அழுதால் நகரவாவது இடம் வேண்டும். மழைக்குத் தொப்பி வைத்த ஜாக்கெட் போடுங்கள், அந்தக் கூட்டத்தில் குடையை விரித்தால் பின்னால் நிற்பவர் சொல்லும் ஐரிஷ் வசவுகளைக் கற்றுக்கொள்ளலாம்.

லீவு விஷயம்: அயர்லாந்தில் ஈஸ்டர் திங்கள்தான் பொது விடுமுறை, பெரிய வெள்ளி இல்லை. பேங்க் மூடியிருப்பதைப் பார்த்து ஆபீசும் லீவு என்று நினைத்து வெள்ளிக்கிழமை வராமல் இருந்த ஒரு புதுப் பையனை எனக்குத் தெரியும்.

அப்புறம் கில்மேனம் சிறை. எழுச்சித் தலைவர்களில் 14 பேரை 1916 மே மாதத்தில் சுட்டுக்கொன்ற முற்றம் அங்கேதான். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சீட்டு ஆன்லைனில் 28 நாள் முன்னதாகத் திறக்கும், ஈஸ்டர் வாரச் சீட்டு திறந்த உடனே போய்விடும். பெரியவர்களுக்கு 8 யூரோ. வாசலில் போய்க் கேட்டு வாங்கலாம் என்று போகாதீர்கள், திரும்ப வேண்டியிருக்கும். கிடைக்கவில்லையா? அன்று காலை ஒன்பதேகால் வாக்கில் ரத்தான சீட்டுகளைத் தளத்தில் விடுவார்கள், பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பாரம்பரியச் சின்னங்களுக்கான வருடாந்திர அட்டை வைத்திருந்தாலும் நேரத்தைப் பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. அட்டையைக் காட்டிக்கொண்டு வாசலில் வாதாடிய ஒருவரைப் பார்த்தேன், பாவம், கடைசியில் எதிரே இருந்த காபிக்கடைக்குப் போனார்.

6. குலோடன்

எடின்பரோவிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ இன்வர்னெஸ்ஸுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். நிகழ்ச்சி சனிக்கிழமை முற்பகலில் நடப்பதால் வெள்ளி மாலையே இன்வர்னெஸ்ஸில் இருக்க வேண்டும், சனி காலை எடின்பரோவிலிருந்து கிளம்பி வந்து சேர முடியாது. ஊர் சின்னது, அந்த வார இறுதிக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் குலப் பெயர் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள், விடுதியை விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இன்வர்னெஸ்ஸின் கிழக்கே குலோடன் என்று ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. வீடுகள், பள்ளிக்கூடம், மளிகைக்கடை. போர்க்களம் அது இல்லை. அது இன்னும் மேலே, மேட்டு நிலத்தில், குலோடன் மூர் என்ற பெயரில் இருக்கிறது. பஸ் நெற்றியில் குலோடன் என்று பார்த்ததும் ஏறினேன், கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன், நாயோடு போய்க்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் போர்க்களம் எங்கே என்று கேட்டால் கையை மேட்டுப்பக்கம் நீட்டி "நல்ல செருப்பு போட்டிருக்கிறாயா" என்றார். நடைபாதை இல்லாத சாலையில், எதிர்க்காற்றில், முக்கால் மணி நேரத்துக்கு மேல். நீங்கள் ஏறும் முன் ஓட்டுநரிடம் "போர்க்கள விசிட்டர் சென்டருக்குப் போகுமா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள், சனிக்கிழமை மாலை அது சீக்கிரமே போய்விடும். மூன்று நான்கு பேராகப் போனால் டாக்ஸியே மேல், 8 கிலோமீட்டர்தான்.

திடலில் நடக்கக் கட்டணம் இல்லை, நிகழ்ச்சிக்கும் இல்லை. கண்காட்சிக்குள் போகத்தான் சீட்டு, வண்டி நிறுத்தவும் காசு. கண்காட்சியைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வரிசையில் நின்றால் நிகழ்ச்சி போய்விடும். களத்தில் நீலக் கொடி வரிசை ஜாக்கோபைட் படை, அதாவது அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குலத்துக்காகப் போராடியவர்கள், நின்ற இடம், சிவப்பு அரசுப் படை நின்ற இடம். இரண்டுக்கும் நடுவே நடந்து பார்த்தால்தான் புரியும், அவ்வளவு சின்னத் தூரம், கால் வைத்தால் சதக் என்று இறங்கும் சேற்று நிலம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன சண்டை. ஜாக்கோபைட் பக்கத்தில் பிரெஞ்சு சேவையில் இருந்த ஐரிஷ் வீரர்களும் நின்றார்கள், அவர்களுக்கும் ஒரு கல் இருக்கிறது, டப்ளினிலிருந்து போகிறவர்கள் அதைத் தவறவிடாதீர்கள்.

நிகழ்ச்சி பெரிய கற்குவியல் நினைவுச்சின்னத்தின் பக்கத்தில். பைப் வாசிப்பு, கேலிக் மொழியில் பிரார்த்தனை, பாட்டு, பிறகு சங்கங்களும் குலங்களும் மலர்வளையம் வைப்பார்கள். மொழி புரியாது, பரவாயில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் மலர்வளையத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், காற்று அதன் ரிப்பனைப் பிடுங்கிப் பிடுங்கி என் முகத்தில் அடித்தது. அவர் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார், மூன்றாவது முறை நான் ரிப்பனைப் பிடித்துக்கொண்டேன், அவருடைய முறை வரும்வரை அப்படியே நின்றோம்.

மரியாதை விஷயத்தில் இரண்டு. புல்மேடுகளாகத் தெரிபவை கூட்டுப் புதைகுழிகள், அவற்றின்மேல் ஏறி நிற்காதீர்கள், சாய்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில் ஃப்ரேசர் குலத்தாரின் கல்லைச் சுற்றி ரசிகர் கூட்டம் மிதித்துப் புல்லே போய்விட்ட நிலை வந்திருக்கிறது, நீங்களும் சேர வேண்டாம். குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏப்ரலிலும் ஆலங்கட்டி விழும், திறந்த வெளி, ஒதுங்க மரம் கிடையாது. கையுறை, காதை மூடும் குல்லாய், நீர் புகாத ஷூ. கொஞ்சம் ஸ்காட்லாந்து பவுண்டு நோட்டு மிஞ்சினால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், டப்ளினில் மாற்றுவது தொல்லை.

7. பாய்ன்: போர்க்களம் ஒரு நாட்டில், கொண்டாட்டம் இன்னொரு நாட்டில்

போர்க்களம் ட்ராஹடாவுக்குப் பக்கத்தில் ஓல்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில், குடியரசுக்குள் இருக்கிறது, எந்த நாளும் போகலாம். வில்லியமின் வெற்றியைப் புராட்டஸ்டன்ட்கள் கொண்டாடும் ஜூலை 12 ஆரஞ்சு ஊர்வலங்களோ வட அயர்லாந்தில். அன்று அங்கே பொது விடுமுறை, சாலைகள் அடைபடும், கடைகள் பாதி மூடியிருக்கும். இது எல்லோருக்கும் கொண்டாட்டமும் இல்லை, சில தெருக்களில் கசப்பு இன்னும் உண்டு. 11ஆம் தேதி இரவு நடக்கும் பெரிய தீமூட்டல்களுக்கு ஊர்க்காரர் துணையில்லாமல் போகாதீர்கள். பச்சைச் சட்டை, ஆரஞ்சுச் சட்டை, கால்பந்துக் கிளப் ஜெர்சி எதுவும் வேண்டாம், சாம்பல் நிறம் நல்ல நிறம்.

பிரிட்டன் விசா இல்லையா? டானகால் மாவட்டக் கடற்கரையில் ராஸ்னாவ்லா என்ற ஊரில் குடியரசுக்குள்ளேயே ஓர் ஆரஞ்சு ஊர்வலம் உண்டு, வழக்கமாக 12க்கு முந்தின சனிக்கிழமை. அமைதியானது, குடும்பங்களோடு வருவார்கள். ஆனால் இதிலும் ஒரு பொறி: டப்ளினிலிருந்து டானகால் போகும் பஸ் எனிஸ்கில்லன் வழியாகப் போகும், எனிஸ்கில்லன் வட அயர்லாந்து. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நீங்கள் எல்லையை இரண்டு முறை தாண்டியிருப்பீர்கள். சுற்றானாலும் ரயிலில் ஸ்லைகோ போய், அங்கிருந்து ராஸ்னாவ்லாவுக்குப் பக்கத்து ஊரான பாலிஷானனுக்கு பஸ் பிடியுங்கள். அந்த வழி முழுக்கக் குடியரசு.

8. ஐரோப்பியக் கண்டத்துப் பக்கம் போகிறவர்களுக்கு

முதல் உலகப் போரின் ஜூலை 1 சோம் போர் நினைவு நாளுக்கு பிரான்சின் தீப்வால், அந்தப் போர் ஓய்ந்த நவம்பர் 11க்கு பெல்ஜியத்தின் ஈப்பர். இரண்டுக்கும் ஷெங்கன் விசா, 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். பிரிட்டன் விசாவும் இதுவும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், பாஸ்போர்ட் ஒன்றுதானே. ஜனவரியில் பிரிட்டன், அது கைக்கு வந்ததும் ஷெங்கன் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது.

ஈப்பரைப் பொறுத்தவரை என் கருத்து, நவம்பர் 11ஐ விட்டுவிடுங்கள். மெனின் வாயிலில் தினமும் இரவு எட்டு மணிக்கு எக்காளம் ஊதுகிறார்கள், வருடம் முழுவதும், இலவசமாக. உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன, இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஏழரைக்குப் போய் நின்றால் பெயர்களை நிதானமாகப் படிக்க இடம் கிடைக்கும். பக்கத்திலுள்ள மெசீன் கிராமத்தில் ஐரிஷ் அமைதிப் பூங்கா இருக்கிறது, வட்டக் கோபுரத்தோடு, 1998 நவம்பர் 11இல் திறந்தது. அங்கே போக சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், ஈப்பரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். விளக்கு எரிகிறதா என்று வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள், எட்டு மணி எக்காளத்துக்குள் திரும்பியாக வேண்டும்.